கல்லுக்கு நூறு மீட்டர், குடிசைக்கு?



கொடும்பாளூர் சென்றதுண்டா? சிலப்பதிகாரம் பெயர் சொல்லும் ஊர். இருக்குவேளிர் வீற்றிருந்த ஊர். அங்கே மூவர் கோயில் நிற்கிறது. பெயரிலே மூன்று, எஞ்சி நிற்பதோ இரண்டு! மூன்றாவதற்கு அடித்தளமே அடையாளம். குடுமியான்மலையிலே இசையைப் பாறையில் எழுதி வைத்தனர். சித்தன்னவாசலிலே தாமரைக் குளத்தை வண்ணத்தில் தீட்டி வைத்தனர். புதுக்கோட்டைச் சீமையின் புதையல்கள் இவை! காத்திட வேண்டாமென எவன் கூறுவான்?

காப்போம்! ஆனால், கற்றளியின் நிழலிலே, கூரை ஒழுகும் குடிசையிலே வாழ்பவனைக் காப்பது யார்?

2024இல் தமிழக அரசு, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள். முதலாண்டில் 1 லட்சம். வீடொன்றுக்கு மூன்றரை லட்ச ரூபாய். பட்டியலிலே தன் பெயர் கண்டு பூரிக்கிறாள் ஒரு தாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவள் குடிசை, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகே இருந்தால்? பூரிப்பு அன்றே முடிந்தது!

1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்துக்கு 2010இல் ஒரு திருத்தம் வந்தது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு இசைவு பெற்றே கட்டலாம். பெருங்கோட்டைக்கும் அதே அளவு. சிறு குகைக்கும் அதே அளவு!

ஊரார் என்ன எண்ணுகின்றனர்? "இந்தக் கல்லால்தானப்பா நம்மூருக்குப் பேரு" என்பார் பெரியவர். "பேரு இருந்து என்னங்க, கட்டிக்கிட்டு வந்தவளுக்கு ஒரு அறை இல்லையே" என்பான் இளைஞன். "வேற இடம் கொடுத்தாப் போறோம், வயலும் பள்ளிக்கூடமும் இங்கே இருக்க, எங்கேயோ தள்ளிடாதீங்க" என்பாள் கூலிக்காரத் தாய். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மூவரையும் ஒரு பாயில் அமர்த்திக் கேட்டது யார்?

ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதி வகுக்கச் சொல்கிறது சட்டம். யாரைக் கலந்து? மரபுத்துறை வல்லுநர்களை! கிராம சபையைக் கலந்திடுக என்று அந்தப் பிரிவு கூறவில்லை.

தளராத சட்டம் என்பீர்களோ? தடைப் பகுதிக்குள் மத்திய அரசின் பொதுப் பணிகளுக்கு வழிவிடும் மசோதாவை 2018 சனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது, சட்டமாகவில்லை. எனினும் எண்ணிப் பாருங்கள்: அரசின் சாலைக்காக வளையத் துணிந்த டெல்லி, ஏழையின் கூரைக்காக வளைய நினைத்ததா?

இந்தச் சீமையின் கல்வெட்டுகளைப் படியுங்கள். ஊரார் கூடினர், நாட்டார் கூடினர், நகரத்தார் கூடினர், முடிவெடுத்தனர் என்று பேசுகின்றன அந்தக் கற்கள். ஊர் கூடி முடிவெடுத்ததைக் கூறும் கல்லைக் காக்கிறோம்; ஊர் கூடி முடிவெடுக்கும் உரிமையை மறக்கிறோம்! அன்றைய சபையிலே நிலமுடையோன் பேசினான். உழுதவன் வெளியே நின்றான். இன்றைய கிராம சபையிலே வாக்குரிமை பெற்ற அனைவரும் உறுப்பினர்!

ஆகவே தோழனே, அடுத்த கிராம சபைக்கு முன் அளவு நாடாவோடு தெருவில் இறங்கு. நூறு மீட்டருக்குள் எத்தனை குடிசைகள் எனக் கணக்கெடு. துணைவிதியின் வரைவைத் தமிழிலே சபையில் படித்துக் காட்டிய பின்பே முடிவு செய்க; கட்டக் கூடாத இடமெனில், அதே ஊரில் பட்டாவோடு மனை தருக எனத் தீர்மானம் கொண்டுவா. கோயிலை மறைக்கும் மாடி நமக்கு வேண்டாம். மழையை மறைக்கும் கூரை போதும்!

கல்லும் வாழட்டும், கல்லைச் சுமந்தவன் பேரனும் வாழட்டும்!