கம்பியைக் காக்கும் குண்டுகள்

மின்கோபுரங்களை ஒட்டி, உயர் அழுத்தக் கம்பிகளின் கீழே இரு முனையிலும் குண்டுகள் பொருத்திய சிறு வடம் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். அஃது அழகுக்காக வைத்ததன்று.

மெல்லிய காற்று சீராக வீசும்போது கம்பியின் பின்னே மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்கள் எழுந்து, அதனை அதிரச் செய்கின்றன. அவ்வதிர்வு சிறிதே, ஆயினும் இடைவிடாது தொடர்ந்தால், பிடிப்புள்ள இடத்தில் கம்பியின் இழைகள் களைத்து முறியும். புயலைத் தாங்கிய கம்பி இளங்காற்றால் அறுந்துபோகலாம்!

1920-களில் அமெரிக்கப் பொறியியலார் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் இதற்கு வழி கண்டார். கம்பி அதிர்ந்தால் குண்டுகள் ஆடும், வடம் வளையும், வடத்தின் எஃகு இழைகள் ஒன்றோடொன்று உராயும். அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிக் கழியும். இக்கருவிக்குத் தனி விசை வேண்டுவதில்லை. எந்த அதிர்வை அடக்க வேண்டுமோ, அதுவே இதனை இயக்குகிறது.