நம் மலை மரமும் கீமோவும்



மேற்குத் தொடர்ச்சி மலையில், நம்ம நீலகிரியிலும், நோத்தபோடைட்டிஸ் என்ற மரம் உண்டு, பூ நாற்றமடிக்கும். அதில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972-இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் கண்டறிந்தார்கள். அது புற்றணுவைக் கொல்லும். ஆனால் அமெரிக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் வந்தது, சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதையே மாற்றியமைத்த இரினோடெக்கானும் டோபோடெக்கானும் 1996-இல் அங்கே அனுமதி பெற்றன. இன்றும் வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு உண்டு.

ஆகவே "கீமோவே வேணாம்" என்பதும் தப்பு, "போட்டா சரியாயிடும்" என்பதும் தப்பு. குணமாக்கவா, ஆயுளை நீட்டவா, வேதனையைக் குறைக்கவா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கீமோ போட்டவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், எஸ்டேட் லைன் வீட்டில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். அதற்கு ஜீப் ஏற்பாடு செய்வது நம்ம பொறுப்பு.