தேயிலைப் பங்கும் கேள்வி கேட்கும் உரிமையும்



பங்கு என்றால் இலாபம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது கேள்வி கேட்கும் உரிமையும் ஆகும். அதை நினைவூட்டவே இங்கு நிற்கிறேன்.

அரசுடைமையாயிருந்த நம் தோட்டங்களின் நிருவாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் சென்றது. 1995 முதல் அவற்றின் பங்குகள் கைமாறின. நூற்றுக்கு 51 வீதம் முதலாளிகளுக்கு விற்கப்பட்டது. நூற்றுக்கு 10 வீதம் ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நுவரெலியாவிலும் அட்டனிலும் கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் பங்கு வந்தது. விற்றவர் உண்டு, பத்திரத்தைப் பெட்டியில் பூட்டியவரும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்றவர் எத்தனை பேர்?

2007ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, வாக்குரிமையில் நூற்றுக்கு 10 வீதம் உடையோர் ஒன்றுகூடினால், விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்டுமாறு பணிப்பாளர் சபையைக் கேட்கலாம். அன்று ஊழியருக்கு அளித்ததும் அதே பத்து வீதமன்றோ! கொழும்புக்குச் செல்ல இயலாதவர் தம் சார்பில் பதிலாளை அனுப்பலாம்.

“51க்கு முன் 10 வெல்லுமா?” என்பீர்கள். வாக்கில் வெல்லாது. ஆயினும் 1970இல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இளம் வழக்கறிஞர் சிலர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வெறும் 12 பங்குகளை வாங்கிச் சமூகப் பொறுப்பைக் கோரும் தீர்மானங்களைக் கொண்டுவந்தனர். நூற்றுக்கு மூன்று வாக்குகூடக் கிட்டவில்லை. எனினும் மறு ஆண்டே கறுப்பினப் பாதிரியார் லியோன் சலிவன் அக்கம்பெனியின் பணிப்பாளரானார். தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக அதன் பொதுக்கூட்டத்திலேயே முழங்கினார். தோற்ற தீர்மானமும் வேலை செய்யும்!

நாம் கேட்க வேண்டியது என்ன? 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியையும் கேட்போம்: உம் லயங்களில் சரிவு அபாயத்தில் உள்ளவை எவை? அங்குள்ளோரை எந்த நாளுக்குள் மாற்றுவீர்? சரிவுகளில் மண் கரையாதிருக்கச் செய்தது என்ன?

இது தோட்டத்தாரின் கவலை மட்டுமன்று. இங்கு கரையும் மண் மகாவலியின் நீர்த்தேக்கங்களில் படிகிறது. அந்நீரை நம்பிய உழவரும் நட்டமடைகின்றனர்.

தொழிற்சங்கத்துக்கு இது மாற்றன்று, துணை. வழக்கறிஞரே, கணக்காளரே, உங்கள் கல்வியைப் பதிலாளாக அனுப்புங்கள். தோழர்களே, பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். அதில் இருப்பது உங்கள் குரல்!