போதும் என்று சொல்லத் தெரிந்த வேட்டை



'மரபும் அறமும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் திமிங்கல வேட்டையை எடுத்துக்கொண்டேன். மரபு என்ற பேச்சு வந்தாலே நம்மில் பாதிப்பேர் கைகூப்புகிறோம், பாதிப்பேர் முகம் சுளிக்கிறோம். இரண்டுக்கும் முன்னால் நிறுத்துப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையைப் பழகிக்கொள்ள, நம் சாதியும் நம் கோயிலும் நம் ஊர்ப் பகையும் கலக்காத ஒரு வழக்கு வேண்டும். அப்படி ஒரு வழக்கு வட அட்லாண்டிக் கடலில் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. பதினெட்டுத் தீவுகள், ஏறத்தாழ 54,000 மக்கள். டென்மார்க் அரசின் கீழ்த் தன்னாட்சி பெற்ற நாடு. காற்று ஓயாத ஊர். மரம் அரிது, தானியம் ஒழுங்காக விளையாது. ஆடும் மீனும் கடற்பறவையும் திமிங்கலமும்தான் நூற்றாண்டுக் கணக்கில் அவர்களுக்குச் சோறு போட்டன. பைலட் திமிங்கலக் கூட்டத்தைக் கரைக்கு விரட்டிக் கொல்லும் வேட்டைக்கு அங்கே 1584-லிருந்து எழுத்துப் பதிவு உண்டு. 1709-லிருந்து இன்றுவரை விடாமல் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வேட்டை எப்படி நடக்கிறது? ஒரு படகுக்காரர் கண்ணில் கூட்டம் பட்டதும் மாவட்ட அதிகாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் அனுமதித்தால்தான் வேட்டை. படகுகள் அரைவட்டமாக வளைத்து, கயிற்றில் கட்டிய கற்களைத் தண்ணீரில் எறிந்து சத்தம் எழுப்பி, ஒதுக்கப்பட்ட குடாவுக்குள் கூட்டத்தை ஓட்டுகின்றன. கரையில் ஆட்கள் இடுப்பளவு நீரில் காத்து நிற்கிறார்கள். மூச்சுத் துளையில் மொண்ணைக் கொக்கியை மாட்டிக் கரைக்கு இழுக்கிறார்கள். அந்தத் துளைக்குப் பின்னால் தனி ஈட்டி ஒன்றை இறக்கித் தண்டுவடத்தை அறுக்கிறார்கள். சரியாகப் பட்டால் சில நொடிகளில் உயிர் போகும். 2015 முதல் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்தான் கொல்லலாம் என்று சட்டமே இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு உடலிலும் எண் பொறித்து, அளந்து, பழைய அளவை முறையில் மதிப்பிட்டு, பங்குச் சீட்டு கொடுக்கிறார்கள். வேட்டைக்கு வந்தவருக்கும் பங்கு, அந்த ஊர்க்காரருக்கும் பங்கு. கடல் சிவப்பாகக் கிடக்கும் அந்தப் படத்தைத்தான் உலகம் பார்த்தது. அதே கரையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் பங்குக்காக நிற்கும் கிழவரை உலகம் பார்க்கவில்லை.

ஃபாரோ மக்கள் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நீங்கள் தின்னும் கோழி வெளிச்சம் பார்க்காமல் கூண்டில் வளர்ந்தது. எங்கள் திமிங்கலம் கடைசி நாள்வரை கடலில் நீந்தியது. எது கொடுமை?" நேர்மையான கேள்வி இது. ஆண்டுக்குச் சராசரியாக எழுநூறு எண்ணூறு பைலட் திமிங்கலங்களைப் பிடிக்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் அந்த இனம் லட்சக்கணக்கில் இருக்கிறது, அழியும் நிலையில் இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசுவது எளிது. அப்படி ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் நண்பர்களே, இந்த வேட்டையில் என் மனம் ஒப்பாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல நான் ஃபாரோ வரை போக வேண்டியதில்லை. நம் மணப்பாட்டுக் கரைக்கு வந்தால் போதும்.

2016 ஜனவரியில் திருச்செந்தூர்–மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஃபாரோவில் கொல்லப்படுவது நீளத் துடுப்பு உள்ள இனம், நம் கரைக்கு வந்தது குட்டைத் துடுப்பு உள்ள இனம். நெருங்கிய உறவு. நம் மீனவர்கள் என்ன செய்தார்கள்? கயிறு கட்டி, படகில் பிணைத்து, ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தில் மற்றவை மணலில் கிடக்கும்போது தான் மட்டும் தப்பிப் போகத் தெரியாத உயிர் அது. 45 திமிங்கலங்கள் இறந்தன. கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அந்தக் கூட்டம் என்பது என்ன? 1993-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதைச் சொல்கிறது. ஃபாரோ வேட்டையில் கொல்லப்பட்ட கூட்டங்களிலிருந்து மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு. பிறந்த ஆணும் பெண்ணும் வளர்ந்த பிறகும் தாயின் கூட்டத்தை விட்டுப் போவதில்லை என்று அதில் தெரிந்தது. பாட்டி, தாய், மாமன், பேரன் என்று ஒரே தாய்வழிக் குடும்பம். ஃபாரோ வேட்டையில் இதைக் கொல், அதை விடு என்ற தேர்வு கிடையாது. கரைக்கு வந்த கூட்டம் மொத்தமும் போகிறது. சூல் கொண்டதும் போகிறது, பால்குடிக் குட்டியும் போகிறது. அந்த உயிரின் பாசம்தான் அங்கே வலையாகிறது. கோழிக் கூண்டைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. கூண்டு நம் குற்றம், நாம்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் குற்றம் அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

2021 செப்டம்பர் 12 அன்று அங்கே ஸ்காலாபொட்னூர் கரைக்கு வெண்பக்க டால்பின் கூட்டம் ஒன்றை ஓட்டி வந்தார்கள். 1,400-க்கும் மேல் ஒரே நாளில் செத்தன. அத்தனையையும் விரைவாகக் கொல்லக் கரையில் ஆள் போதவில்லை. உயிர் போகாமல் அவை தவித்துக் கிடந்தன. திமிங்கல வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவரே அது பெரிய தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏறத்தாழ 13 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு போனது. மறு ஆண்டு அரசு, டால்பினுக்கு ஆண்டு வரம்பு 500 என்று தற்காலிகமாக நிர்ணயித்தது. முந்நூறு ஆண்டு கணக்கு எழுதிய ஊரில், போதும் என்று அந்த வேட்டையை அன்று யாரும் நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். 1986, 87-ல் அந்தத் தீவுகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். கருவுற்ற காலத்தில் தாய் தின்ற திமிங்கல இறைச்சியின் பாதரசம், பிள்ளையின் நினைவாற்றலையும் மொழியையும் கவனத்தையும் பாதித்திருந்தது. 2008-ல், பைலட் திமிங்கலத்தை இனி மனிதர் தின்ன வேண்டாம் என்று பரிந்துரைத்தவர்கள் வெளியூர்ப் போராளிகள் அல்ல. தீவுகளின் தலைமை மருத்துவரும், அந்த ஆய்வை நடத்திய பால் வைஹேயும். இருவரும் அந்த மண்ணின் பிள்ளைகள். தன் ஊரின் உணவை, தன் ஊர்க்காரர் முன்னால் நின்று, வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அந்தப் பாதரசம் அங்கே எப்படிப் போனது? திமிங்கலம் நிலக்கரி எரிக்கவில்லை, ஃபாரோ மக்களும் பெரிதாக எரிக்கவில்லை. உலகத்தின் அனல் மின்நிலையப் புகையும் சுரங்கக் கழிவும் காற்றிலும் நீரிலும் கலந்து, சிறு மீனில் சேர்ந்து, பெரிய உயிரில் திரண்டு நிற்கிறது. அனல் மின்நிலையப் புகைக்கூண்டுகளைத் தினமும் பார்க்கிற நமக்கும் அதில் பங்குண்டு. தீர்ப்புச் சொல்ல எழுந்து நிற்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இனி வேறொரு கரைக்குப் போவோம். அலாஸ்காவின் வடகோடியில் இனுப்பியாக் மக்கள் வில்தலைத் திமிங்கலத்தை வேட்டையாடுகிறார்கள். வசந்தத்தில் கடல்பனி பிளக்கும் விளிம்பில் முகாம் போடுகிறார்கள். கடல்நாய்த் தோலைப் பெண்கள் நீர் புகாமல் தைத்துப் படகுச் சட்டத்தின் மேல் போர்த்தித் தருகிறார்கள். பிடிபட்ட திமிங்கலம் ஊருக்கெல்லாம் பங்கு. இறைச்சியை விற்கக் கூடாது. காய்கறி விளையாத, கடையில் வாங்கும் உணவு யானை விலை விற்கிற பனிப் பிரதேசம் அது.

அந்தத் திமிங்கலத்தை அழித்தவர்கள் இவர்கள் அல்லர். 1848-ல் அமெரிக்க வேட்டைக் கப்பல் ஒன்று பெரிங் ஜலசந்தியைத் தாண்டியது. பின்னாலேயே கப்பற்படை போல மற்றவை வந்தன. விளக்குக்கு எண்ணெய், சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைக்குத் திமிங்கல வாயின் தகடு. அரை நூற்றாண்டில் கடல் வெறிச்சோடியது. 2007-ல் இனுப்பியாக் மக்கள் பிடித்த ஒரு திமிங்கலத்தின் உடம்பில், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் செய்த வெடி ஈட்டியின் துண்டு கிடைத்தது. நூறாண்டுக்கு மேல் அந்த இரும்பைச் சுமந்துகொண்டே அது நீந்தியிருக்கிறது.

1977-ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம், அந்த இனம் மிகவும் குறைந்துவிட்டது என்று கூறி இனுப்பியாக் வேட்டைக்குத் தடை போட்டது. மிஞ்சியிருப்பது சில நூறு முதல் இரண்டாயிரம் வரைதான் என்பது அன்றைய கணக்கு. அந்த மக்கள் அதே ஆண்டில் தங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைத்தார்கள். "உங்கள் கணக்கு தவறு. திமிங்கலம் பனிக்கு அடியிலும் போகும், நீங்கள் கண்ணால் பார்த்து மட்டும் எண்ணுகிறீர்கள்" என்று மூத்த வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. அறிவியலாளர்களோடு உட்கார்ந்தார்கள். நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டபோது, பனிக்கு அடியில் திமிங்கலங்கள் பாடிக்கொண்டு போவது கேட்டது. மூத்தவர்கள் சொன்னதே சரி. இன்று அந்தக் கூட்டம் 10,000-க்கும் மேல். இருந்தும் அவர்கள், தடைக்குப் பின் வகுத்த வரம்புக்குள்தான் வேட்டையாடுகிறார்கள். குத்துப்பட்டுத் தப்பிப் போனதும் கணக்கில் சேர்கிறது. தங்கள் அறிவு வென்ற பிறகும் அளவுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறார்களே, அதைத்தான் நான் மரபின் பெருமை என்பேன்.

ஜப்பானின் தைஜியும் பழைய வேட்டை ஊர்தான். 1606-லிருந்து அங்கே திமிங்கலத் தொழில் நடந்தது. இன்றோ படகிலிருந்து இரும்புக் குழாயை நீரில் இறக்கித் தட்டித் தட்டி, டால்பின் கூட்டத்தை ஒலியால் சுவர் கட்டிக் குடாவில் அடைக்கிறார்கள். அழகானதைப் பொறுக்கி எடுத்து, வித்தை காட்டும் நீர்க் காட்சியகங்களுக்கு விற்கிறார்கள். இறைச்சியை விட உயிர் டால்பினுக்குத்தான் விலை. முன்னோர் பெயர் பலகையில் மட்டும் இருக்கிறது, கடைக்குள் நடப்பது வேறு வியாபாரம்.

மூன்று ஊரையும் பார்த்துவிட்டோம். ஒரு வேட்டை எத்தனை நூற்றாண்டு பழையது என்ற கேள்வி எதையும் தீர்க்கவில்லை. மூன்றுமே பழையவை. யாருக்குத் தேவை, யாருக்குப் போகிறது, எங்கே நிறுத்துவார்கள் என்ற கேள்விகள்தான் அவற்றைப் பிரித்துக் காட்டின. இவற்றைக் கேட்டுப் பார்த்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன். இனுப்பியாக் மக்களின் வேட்டை தொடரலாம். தைஜியின் உயிர் டால்பின் வியாபாரம் நிற்க வேண்டும். ஃபாரோவில், மீன் ஏற்றுமதியால் செழித்து, கடையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில், குடும்பத்தோடு கொல்லும் வேட்டைக்குத் தேவை தீர்ந்துவிட்டது. அதை நிறுத்த வேண்டியவர்கள் அந்த மக்களே. கப்பலில் வந்து மிரட்டினால் அவர்கள் வீம்புக்காவது ஈட்டி எடுப்பார்கள். அவர்களின் மருத்துவர்கள் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். நாம் அந்தக் குரலுக்குத்தான் துணை நிற்க வேண்டும்.

தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு உரிமை இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் எந்திரக் கப்பல்கள் கொன்ற திமிங்கலம் ஏறக்குறைய 29 லட்சம். 1986-ல் வணிக வேட்டைக்குத் தடை வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. இன்று உலகெங்கும் மீன்வலையில் தற்செயலாகச் சிக்கி ஆண்டுக்கு மூன்று லட்சம் திமிங்கலங்களும் டால்பின்களும் சாகின்றன என்று மதிப்பிடுகிறார்கள். ஃபாரோவில் ஆண்டுக்குச் சாவதைப் போலப் பல நூறு மடங்கு. அதற்கு அந்த அளவுக்கு மனுவும் இல்லை, மறியலும் இல்லை. சாப்பாட்டு மேசையில் இருக்கும் மீன் எந்த வலையில் வந்தது என்று கேட்காத நாமெல்லாரும் அந்த வேட்டையில் பங்காளிகள்.

எல்லை போட்டுக்கொள்வது நமக்குத் தெரியாத பாடம் அல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. மீன் இனம் பெருகட்டும் என்று ஒரு பெருங்கூட்டம் தொழில் இழந்து, கடன் வாங்கி, பொறுத்துக்கொள்கிறது. அந்தத் தோழர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். உங்களை வணங்குகிறேன். நிவாரணத் தொகை தாமதமின்றி, போதுமான அளவில் உங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்பதும் இந்த அறத்தின் பகுதிதான். பட்டினி கிடப்பவனை மட்டும் எல்லையில் நிறுத்தி வைப்பது நீதி ஆகாது.

ஆகவே இந்த மேடையிலிருந்து நான் கேட்பது இவைதான். வலையில் டால்பின் சிக்கினால், தண்டனைக்குப் பயந்து மறைக்காமல் உண்மையைச் சொல்லும் மீனவருக்குப் பாதுகாப்பு வேண்டும். அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்கும் அதிகாரி வேண்டும். அவரோடு படகில் ஏறி, அவர் அறிவைக் கேட்டு எழுதும் ஆய்வாளர் வேண்டும். பனிக்கடலில் முதியவர் சொல்லைக் கேட்டதால் அறிவியல் வென்றது. அது இந்தக் கடலிலும் நடக்கும், நாம் கேட்கத் தயாராக இருந்தால். முன்னோர் தந்த எதையும் காக்க நினைப்பவர் முதலில் அதற்கு ஓர் அளவு வகுக்கட்டும். அளவை மீறும் நாளில் முதல் கேள்வியை நம் வீட்டாரிடம் நாமே கேட்போம்.