மரண அறிவித்தலும் விளம்பரமே



கல்வியாலும் வயதாலும் என்னினும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே அக்கிராசனம் வகிக்கும் கௌரவத்தை எனக்களித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி உரியது; அக்கௌரவத்துக்கு ஏற்றபடி பேசவேண்டுமே என்னும் அச்சமும் என்னிடத்தில் உண்டு. விளம்பர வகைகளும் ஊடகத் தேர்வும் என்பது இன்றைய பொருள். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், கைத்தொலைபேசி என வகைகளை நிரைப்படுத்துவதும், ஒவ்வொன்றும் எத்தனை பேரை எத்தனை முறை என்ன செலவில் எட்டுகின்றது எனக் கணக்கிடுவதும் நீங்கள் யாவரும் அறிந்தவையாதலாலும், பின்வரும் கட்டுரையாளர்கள் அவற்றைச் செவ்வனே விளக்குவார்களாதலாலும், நான் நெடுங்காலமாக வாதாடிவரும் ஒரு விஷயத்தை இங்கே முன்வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

யாழ்ப்பாணத்து விளம்பர வரலாற்றை எழுதப் புகுந்த நம்மவர்கள், 1841இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய உதயதாரகை முதலாக, 1889இல் தோன்றிய இந்து சாதனம், 1930இல் நா. பொன்னையா ஆரம்பித்த ஈழகேசரி, 1959இல் பிறந்த ஈழநாடு எனப் பத்திரிகைகளை வரிசைப்படுத்தி, கடைக்காரரின் விளம்பரங்களை மாத்திரம் ஆராய்ந்து அமைந்தனர். மரண அறிவித்தலை அவர்கள் தொடவில்லை. அது விற்பனை நோக்கம் அற்றது, ஆகவே சமூகச் செய்தியேயன்றி விளம்பரமன்று என்பது, நான் மிகவும் மதிக்கும் அறிஞர் சிலரின் துணிபு. அவர்களது புலமைக்குத் தலைவணங்கியே இத்துணிபை மறுக்கிறேன். பத்திரிகையில் இடத்தையும் வானொலியில் நேரத்தையும் விலைகொடுத்து வாங்கி, தான் கருதிய மக்களுக்குத் தன் சொல்லைத் தன் பெயரால் சேர்ப்பிப்பது விளம்பரமன்றெனின், வேறெதுதான் விளம்பரம்?

மரணம் பற்றி விலைகொடுத்து அறிவிக்கும் இவ்வழக்கம் நேற்று வந்ததுமன்று. இந்து சாதனத்தின் ஆங்கிலத் துணையாகிய இந்து ஓகனின் பழைய இதழ்களைப் புரட்டினால், இறந்தவரின் சொத்துத் தொடர்பாக யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம் விடுத்த மரணசாதன அறிவித்தல்கள் பத்தி பத்தியாகக் காணப்படும். இறந்தவர் பெயர், ஊர், மனுதாரர், எதிர்மனுதாரர், ஆட்சேபம் உடையோர் தோன்றவேண்டிய திகதி என்னும் இவையெல்லாம் அவற்றில் ஒழுங்குற அமைந்திருக்கும். யாருக்குத் தெரியவேண்டும், எந்நாளுக்குள் தெரியவேண்டும் என்ற இரு வினாக்களும் அங்கே சட்டத்தின் கட்டளையாக நிற்கின்றன. ஊடகத் தேர்வு என்னும் சாஸ்திரம் முழுவதும் இவ்விரு வினாக்களுள் அடங்கும் என்பதே என் கட்சி.

நம் குடும்பங்கள் இச்சாஸ்திரத்தை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டன என்பதைச் சிந்தியுங்கள். இழவு நேர்ந்த வீட்டார், வவுனியாவிலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சிதறியிருக்கும் உறவினர் பூதவுடல் எடுக்குமுன் வந்து சேரவேண்டும் என்பதற்காக, இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு உடனே அறிவித்தல் கொடுத்தனர். பிறப்பிடம், வதிவிடம், அன்னார் இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார் என்னும் உறவுமுறை, கிரியை நடைபெறும் நேரம், தகனம் செய்யும் மயானம் ஆகிய அனைத்தும் சில வாக்கியங்களில் அடங்கிவிடும். இரண்டாவதாக, ஆற அமர வாசிப்போருக்கும் சான்று வேண்டுவோருக்கும் பத்திரிகையில் படத்தோடு வெளியிட்டனர். மூன்றாவதாக, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் கையிலே, திதி வெண்பாவும் வரலாறும் தேவாரமும் அடங்கிய, கல்வெட்டு எனப்படும் நினைவு நூலை அச்சிட்டு வழங்கினர். விரைவுக்கு வானொலி, விவரத்துக்குப் பத்திரிகை, நிலைபேற்றுக்கு நூல்! 1990இன் பின் போரினால் யாழ்ப்பாணம் மின்சாரமற்றிருந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்திலும், கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலே அச்சாகிய காலத்திலும் இவ்வொழுங்கு முற்றும் அழிந்துவிடவில்லை.

இந்நெறி வணிகத்துக்குப் பொருந்தாது என்பாருக்கு, மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராஜாவை நினைவூட்டுவேன். பத்திரிகைப் பத்தியோடு அமையாது, மில்க்வைற் செய்தி என்னும் சஞ்சிகையை வெளியிட்டு, பனை நடுகைக்கு ஊக்கமளித்து, தம் பொருளின் பெயரை மக்கள் பேணி வைத்து வாசிக்கும் ஏட்டிலே ஏற்றினார் அவர். கல்வெட்டு எதன்பொருட்டு வீட்டில் நிலைத்ததோ, அதே பயனை அவர் நாடினார் என்று கொள்ளுவது பிழையாகாது. எண்ணிக்கையையே அளவுகோலாக்கி ஊடகத்தைத் தெரிவுசெய்யும் இக்காலத்தவர், விரைந்து மறைவதையும் வீட்டிலே நிலைப்பதையும் ஒரே கணக்கில் சேர்ப்பது பெருங்குறை.

ஆகையால் இவ்வவையினரை ஒன்று வேண்டி அமர்கிறேன். பழைய இதழ்களைக் கட்டுக்கட்டும்போது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கழித்து எறியாதீர்கள். மரண அறிவித்தல்களுக்கு ஊர்வாரியாக அட்டவணை செய்ய மாணவர்களை ஏவுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் கல்வெட்டுகளில் ஒவ்வொரு பிரதியை நூலகத்திற்கு இவ்வாண்டிலேயே கொடுத்துதவுங்கள்.