ஓய்வெடுத்தால் கூடும் முதுகுவலி

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தம்பி மகனுக்கு இந்த நோய் இருக்கிறது. அவனோடு மருத்துவரிடம் போய் வந்ததிலும், கேட்டதிலும் படித்ததிலும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எப்போது, எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதுகுவலி, கழுத்துவலிப் பேச்சு வராமல் இருக்காது. "எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ் சார்" என்று கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது ஸ்பாண்டிலைட்டிஸ் இல்லை, ஸ்பாண்டிலோசிஸ். அதாவது தேய்மானம். வயதானால் பலருக்கும் வருவது.

ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது வேறு. அது அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே முதுகுத்தண்டின் மூட்டுகளைத் தாக்குகிறது. இதன் முழுப் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சுருக்கமாக ஏ.எஸ். எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்ப நிலையையும் சேர்த்து 'ஆக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ்' என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. சேக்ரோ இலியாக் மூட்டு என்று பெயர். நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ஆண்டுகள் போகப் போக, அழற்சி வந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு மூங்கில் கழி மாதிரித் தெரியும். குனியவும் திரும்பவும் முடியாது. எல்லோருக்கும் இந்த நிலை வருவதில்லை. வந்த பிறகு ஒட்டிய எலும்பை மருந்தால் பிரிக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு வலி, இரண்டு விதி

ஏ.எஸ். நம் வயதில் புதிதாக வருவது அபூர்வம். பெரும்பாலும் பதினெட்டு, இருபதில் தொடங்கி நாற்பதுக்குள் தலைகாட்டும். 45 வயதுக்கு மேல் தொடங்குவது குறைவு. ஆக, இது நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வருகிற நோய். ஆனால் அவர்கள் "முதுகு வலிக்கிறது" என்றால் நாம் நம் வலிக்குரிய விதியைத்தான் சொல்கிறோம். "கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்."

தேய்மான வலியும் சுளுக்கும் வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி நேர் எதிர். படுத்தால் கூடும், நடமாடினால் குறையும். இந்த ஒன்றை மட்டும் இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாலே போதும்.

மூன்று மாதத்துக்கு மேல் முதுகுவலி இருக்கும் இளைஞரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. வலி தொடங்கியபோது வயது நாற்பதுக்குள் இருந்ததா?
2. விழுந்தோ, பாரம் தூக்கியோ திடீரென வராமல், எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் மெல்ல மெல்ல வந்ததா?
3. நடந்தால், உடற்பயிற்சி செய்தால் குறைகிறதா?
4. ஓய்வெடுத்தும் குறையவில்லையா?
5. இரவில் வலி எழுப்பிவிடுகிறதா, எழுந்து நடந்தால் தேவலையா?

ஐந்தில் நான்குக்கு 'ஆம்' என்றால் அழற்சி வலியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள். இதுவே நோய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. மருத்துவரிடம் போக இது போதுமான காரணம், அவ்வளவுதான்.

இன்னும் சில அடையாளங்களும் உண்டு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்துப் போயிருக்கும். பிட்டத்தில் ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் என்று மாறி மாறி வலிக்கும். குதிகாலில், தசைநாண் ஒட்டும் இடத்தில் வலி இருக்கும். ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போகும். சொரியாசிஸ் என்ற தோல் நோய், நாள்பட்ட குடல் அழற்சி, குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது ஏ.எஸ். இருப்பது, இவையும் கணக்கில் சேரும்.

பெண்களுக்கு இது வராது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. தவறு. பெண்களுக்கும் வருகிறது. அந்த எண்ணத்தாலேயே அவர்களுக்குக் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது.

ஐந்து ஆண்டுகள் எங்கே போயின?

என் தம்பி மகனுக்கு 23 வயதில் வலி தொடங்கியது. கம்ப்யூட்டர் வேலை. ஆகவே நாற்காலி மீது பழி விழுந்தது. பிறகு பைக் மீது. அடுத்து மெத்தை மீது. அவன் பாட்டி இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தார். ஓரிடத்தில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்து மூன்று வாரம் படுக்கச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் அவன் பட்ட பாட்டை என்னிடம் ஒரே வரியில் சொன்னான்: "பெரியப்பா, படுத்தாதான் வலிக்குது."

அப்படியே ஐந்து ஆண்டு ஓடியது. ஒரு நாள் அவனுக்கு வலது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் நினைத்தோம். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "உனக்கு முதுகுவலி உண்டா தம்பி?" என்று கேட்டார். கண்ணுக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் விழித்தான். அது யுவியைட்டிஸ் என்ற கண் உள்ளழற்சி. ஏ.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு என்றாவது ஒரு முறை வருவது. அந்தக் கண் மருத்துவர்தான் ருமட்டாலஜிஸ்டிடம் அனுப்பினார்.

பல நாடுகளில் எடுத்த கணக்குப்படி, வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியவரும் வரை சராசரியாக ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகிறது. வங்கியில் கணக்கு ஒத்துப்போகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். அதிலேயே கிடக்க விட்டால் ஆடிட்டர் விடமாட்டார். ஓர் இளைஞரின் ஏழு ஆண்டு வலியை சஸ்பென்ஸில் வைத்தால் கேட்க ஆடிட்டர் இல்லை. வீட்டில் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

என்ன பரிசோதனை?

இதை 'ஆம், இல்லை' என்று ஒரே அடியாகச் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை கிடையாது. சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டும் அழற்சியைக் காட்டுபவை. ஆனால் நோய் இருந்தும் பலருக்கு இவை சரியாகவே இருக்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். "ரத்தம் நார்மல், ஒன்றுமில்லை" என்று அதோடு விட்டுவிடக் கூடாது.

எச்.எல்.ஏ. பி27 என்று ஒரு மரபணுப் பரிசோதனை உண்டு. இந்நோயோடு அதற்குள்ள தொடர்பு 1973-ல் தெரியவந்தது. ஏ.எஸ். உள்ளவர்களில் மிகப் பலருக்கு இது இருக்கிறது. ஆனால் இது இருப்பவர்களில் நூற்றில் ஐந்து பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் நோய் வருகிறது. அதனால் வலியே இல்லாத பிள்ளைக்குப் பயந்துபோய் இந்தப் பரிசோதனை எடுக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் அழற்சி தெரிந்துவிடும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதுகுவலி என்றதும் வழக்கமாக இடுப்பு முள்ளெலும்புக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதில் சேக்ரோ இலியாக் மூட்டு சரியாக விழாமல் போகலாம். "அந்த மூட்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை.

பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத நோய் நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. நம் வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. முதுகுவலியோடு காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப் போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று எது இருந்தாலும் கேள்வி பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகெலும்பில் காசநோயும் நம் நாட்டில் வருவதுதான்.

சிகிச்சை

முதல் மருந்து உடற்பயிற்சி. தினமும் உடம்பை நீட்டி வளைக்கும் பயிற்சி, நடை, நீச்சல், மூச்சை நன்றாக இழுத்து மார்பை விரிக்கும் பயிற்சி. பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை முறையாகக் கற்றுக்கொள்வது நல்லது. உயரமான தலையணை வேண்டாம். புகை பிடிப்பவர்கள் விட்டே ஆக வேண்டும். புகை இந்த நோயை மோசமாக்குகிறது.

அடுத்து, அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள். நாப்ராக்ஸன், இண்டோமெத்தசின், எட்டோரிகாக்சிப் போன்றவை. "வலி மாத்திரை தினமும் போடாதே" என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. இந்த நோயில் அது வெறும் வலி மாத்திரை அல்ல. மருத்துவர் கண்காணிப்பில், வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியது. கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுவது முதுகுத்தண்டுக்கான சிகிச்சை அல்ல.

இதற்கும் கட்டுப்படாவிட்டால் பயாலஜிக் ஊசிகள். அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்றவை ஒரு வகை, செக்யுகினுமாப் இன்னொரு வகை. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. ஊசியின் விலை பெரிய சுமைதான். 2014 டிசம்பரில் அடலிமுமாபுக்கு இணையான மருந்து உலகிலேயே முதலில் நம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு சுமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இவற்றைத் தொடங்கும் முன் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் அது விழித்துக்கொள்ளக்கூடும். ஹெபடைட்டிஸ் பரிசோதனையும் செய்வார்கள்.

மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம். இத்தகைய ஊசிக்குப் பணம் கிடைக்குமா என்பதைப் பாலிசிப் பத்திரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நோயை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள்.

சலூன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். முடி வெட்டியதும் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பிக் கழுத்தில் நெட்டி எடுப்பார்கள். யாருக்குமே அது நல்லதல்ல. ஏ.எஸ். உள்ளவருக்குக் கழுத்தெலும்பே முறியலாம். ஒட்டிப்போன முதுகுத்தண்டு சிறு அடியிலும் உடையக்கூடியது. விழுந்த பின் புதிதாக வலி வந்தால், பழைய வலிதான் என்று விடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்து கேப்டனாக இருந்த மைக் ஆதர்ட்டனை நினைவிருக்கும். 1995 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 643 நிமிடம் நின்று, 185 ரன் எடுத்து, அவுட் ஆகாமல் ஆட்டத்தைக் காப்பாற்றியவர். அவருக்கும் இதே நோய்தான். அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 115. இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று எந்த அம்மாவும் அழ வேண்டியதில்லை. பெண் பார்க்கும்போது சொல்லலாமா, வேலை போய்விடுமா என்று ஒளித்து வைக்கவும் வேண்டியதில்லை. என் தம்பி மகன் இன்று வேலைக்குப் போகிறான், காலையில் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்கிறான், அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். போன அந்த ஐந்து ஆண்டில் இடுப்பு கொஞ்சம் விறைத்துவிட்டது. அது திரும்ப வராது.

நம் குடியிருப்பில் இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடைபாதையில் தனியாக நடக்கும் இளைஞர்களைக் காவலர்கள் பார்க்கிறார்கள். போன் பேசத்தான் நடக்கிறார்கள் என்று நினைக்கிறோம். இருக்கலாம். ஒருவேளை படுக்க முடியாமலும் நடக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "ஏன் தூங்கலை?" என்று அதட்டாமல், "படுத்தா வலிக்குதாப்பா, நடந்தா தேவலையா?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால், எந்த நேரம் வலி, காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு என்று இரண்டு வாரம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு ருமட்டாலஜிஸ்டைப் பார்க்க அனுப்புங்கள்.