எண் 1 முதல் 407 வரை



2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் ஏலம். உள்ளங்கையில் அடங்கிவிடும் பழைய அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேண்டில் படம் போட்ட பேஸ்பால் அட்டை அது. டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 1952இல் தன் பபிள்கம்மோடு சேர்த்து வெளியிட்டது. உலகமெல்லாம் அந்த விலையைப் பேசியது. ஆனால் அந்த வருஷத்து செட்டில் மேண்டிலைத் தவிர இன்னும் 406 அட்டைகள் உண்டு. அவற்றையும் தேடிப் பிடித்து, 1 முதல் 407 வரை வரிசை விடாமல் அடுக்கி முடிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். இதைக் கலை என்று சொல்லலாமா, வெறும் பித்து என்று தள்ளிவிடலாமா என்று இன்று சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. லட்சக்கணக்கில் அச்சடித்துப் பெட்டிக்கடைகளில் காசுக்கு விற்ற சாமான் எப்படி அபூர்வமாகும்? அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு வருஷத்து அட்டைகளை மொத்தமாக வெளியிடாது. பந்தய காலம் நகர நகர, பகுதி பகுதியாகக் கடைக்கு அனுப்பும். 1952இல் கடைசிப் பகுதி, அதாவது 311 முதல் 407 வரை, வந்து சேர்ந்தபோது பேஸ்பால் பருவமே முடியப்போகிறது. பிள்ளைகளின் கவனம் அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டது. கடைக்காரர்கள் சரக்கு எடுக்கவில்லை. விற்காத பெட்டிகள் கிடங்கில் தூங்கின. அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கர், 1960இல் அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். கடலுக்குத் தப்பியவை வீடுகளில் அழிந்தன. பையன்கள் சைக்கிள் கம்பியில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள். பையன் வளர்ந்து வெளியூர் போனதும் அம்மா அறையைப் பெருக்கி எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள்.

இந்த செட்டில் 1ஆம் எண் அட்டையின் கதை ரசமானது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் மேண்டிலோடு நிறுத்திப் பேசும் பெயர் இல்லை. பிள்ளைகள் எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். மேலே இருப்பது பாஃப்கோ. ரப்பர் பேண்ட் அழுத்தியதும், கைபட்டு அழுக்கேறியதும், ஓரம் மடங்கியதும் அவருக்குத்தான். அதனால் மூலை மழுங்காத பாஃப்கோ கிடைப்பது அரிது. 1998இல் அப்படி ஒன்று 80 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. மேண்டில் அட்டையோ அச்சுத் தாளில் இருமுறை இடம் பெற்றது. ஆகவே தன் பகுதியிலுள்ள பல சாதாரண ஆட்டக்காரர்களைவிட அதுவே அதிகமாக அச்சாகியிருக்கிறது. அபூர்வம் வேறு, விலை வேறு என்பதை செட் சேர்ப்பவன் இந்த இடத்தில்தான் கற்றுக்கொள்கிறான்.

வேலை எப்படி நடக்கிறது? கையில் ஒரு பட்டியல். இல்லாத எண்கள் மட்டும் அதில் இருக்கும். பழைய அட்டை விற்பவர்கள் கூடும் கண்காட்சிகளுக்கு அதோடு போவார்கள். 1980 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய மாநாடு இவற்றில் பெரியது. அங்கே நீளமான அட்டைப்பெட்டிகளில் பெயர் பெறாத ஆட்டக்காரர்களின் அட்டைகள் நெருக்கி அடுக்கியிருக்கும். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண்டதும் எடுத்துவிட முடியாது. நான்கு மூலையும் கூராக இருக்கிறதா, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் இரண்டு பக்கமும் சமமா, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மடிப்பு தெரிகிறதா, பின்பக்கம் பபிள்கம் கறை உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அளவும் எடுக்க வேண்டும். ஏனென்றால் மழுங்கிய ஓரத்தை நறுக்கிப் புதிதுபோல் காட்டும் மோசடி இந்தத் துறையோடு கூடவே வளர்ந்தது. உலகிலேயே பேர்பெற்ற ஹோனஸ் வேக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்றின் ஓரத்தை நறுக்கியதை, அதை விற்ற பிரபல ஏலக்காரரே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

சில நேரம் தேடுபவனைக் கம்பெனியே ஏமாற்றியிருக்கும். 1933இல் கௌடி என்ற பபிள்கம் கம்பெனி 240 எண் கொண்ட செட்டை வெளியிட்டது. அதில் 106ஆம் எண்ணை அச்சடிக்கவே இல்லை. இல்லாத அட்டைக்காகப் பிள்ளைகள் மேலும் மேலும் பபிள்கம் வாங்கட்டும் என்ற கணக்கு. புகார் எழுதியவர்களுக்கு மறு வருஷம் நாப் லாஜுவே என்ற ஆட்டக்காரரின் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு அனுப்பினார்கள். இன்று அந்த செட்டை நிறைவு செய்வதில் கடினமான அட்டை அதுதான்.

இன்னும் பெரியது, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 செட். சேகரிப்பவர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் ‘அரக்கன்’. மொத்தம் 524 அட்டைகள். அவற்றில் வேக்னர் உட்பட நான்கு, சாதாரண மனிதனின் கைக்கு எட்டாதவை. ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, 520 சேர்ந்தால் செட் முடிந்தது என்று தங்களுக்குள் வழக்கம் வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கிறது. பணக்காரன் மட்டும் தொடும்படி எல்லையை வைக்காமல், பொறுமைசாலி தொடும்படி வைத்திருக்கிறார்கள்.

டி206 என்ற அடையாளத்தைக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் தொழிற்சாலை ஊழியர். கடுமையான மூட்டுவாதக்காரர். யாரும் பொருட்டாக மதிக்காத காலத்தில் அமெரிக்காவில் அச்சான அட்டைகளையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியல் நூல் வெளியிட்டார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு அப்படியே கொடுத்தார். அவற்றில் 30 ஆயிரத்துக்கு மேல் பேஸ்பால் அட்டைகள். முடங்கிய கைகளால் தாமே ஆல்பங்களில் பசை தடவி ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் காலமானார்.

பசை தடவினார் என்றதும் இன்றைய வியாபாரி தலையில் கைவைத்துக்கொள்வார். இன்று ஒட்டிய அட்டைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. அட்டையை மதிப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, 1 முதல் 10 வரை மார்க் வாங்கி, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைப்பதே இன்றைய முறை. 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ கம்பெனி முதன்முதலாக மார்க் போட்ட அட்டை எது தெரியுமா? ஓரம் நறுக்கப்பட்டது என்று பிறகு தெரியவந்த அதே வேக்னர்தான். இந்த முறையால் போலிகள் குறைந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே அட்டைக்கு 8க்கும் 9க்கும் இடையே விலை பல மடங்கு தாவும்போது, படத்திலிருக்கும் மனிதனை யாரும் பார்ப்பதில்லை. பழைய செட்டைப் பிரித்து, விலையுள்ள அட்டைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டு மீதியைக் கழித்துக்கட்டுவதும் சாதாரணமாகிவிட்டது.

என் தீர்ப்பு இதுதான். விலையுயர்ந்த ஓர் அட்டையை வாங்குவதற்குப் பணம் போதும். அதில் கலை இல்லை. செட்டை முழுமையாக்குவது கலை. ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டுப் பெயர் தெரியாமல் ஊர் திரும்பியவனுக்கும் மேண்டிலுக்கும் அங்கே ஒரே அளவு இடம்தான். அவனைக் காணோம் என்றாலும் செட் குறைதான். பதிவேடுகள் மறந்துவிட்ட ஓர் ஆட்டக்காரனை இன்னொரு மனிதன் வருஷக்கணக்கில் தேடி அலைகிறான் என்பதே இந்தப் பழக்கத்தின் மரியாதை.

நம் ஊரிலும் கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தார். இன்று அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. தீப்பெட்டிப் படமோ, தபால்தலையோ, சினிமா பாட்டுப் புத்தகமோ, நீங்கள் எதைச் சேர்ப்பவராக இருந்தாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். இருப்பது எது, இல்லாதது எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதையும் இப்போதே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.